மைக்கைத் திறக்க வைப்பது எப்படி? இணையவழி மாநாட்டில் பங்குபற்றுநரைக் கலந்துரையாடலுக்குள் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் இணையவழி மாநாடுகளின் உண்மையான கலந்துரையாடல் மறுநாள் காலையில்தான் நடக்கும். ஏழு மணிக்கே போன் அடிக்கும். "தம்பி, நேற்று அந்தப் பிள்ளை கிணறுகளைப் பற்றிச் சொன்னதில ஒரு பிழை இருக்கு. ஆடியிலதான் உவர் ஏறுமெண்டு சொன்னவ. எங்கட பக்கம் வைகாசியிலயே ஏறிடும். சொல்ல நினைச்சனான், பிறகு விட்டிட்டன்." ஏன் ஐயா அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால், "எல்லாரும் படிச்ச ஆக்கள். அதோட அந்த மைக் எங்க இருக்கெண்டு தேடி முடியிறதுக்குள்ள நீங்கள் நன்றியுரைக்குப் போட்டியள்" என்பார்.

இந்த ஒரு பதிலுக்குள் மூன்று தடைகள் இருக்கின்றன: கூச்சம், பொத்தான், நேரம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் வாசிகசாலைக் கூட்டம் முதல் ஆய்வு மாநாடு வரை எல்லாம் சூமுக்குள் போயின. அன்றிலிருந்து ஊர் வரலாறு, நீர், விவசாயம் என்று பல கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கண்ட அளவில், சனம் பேசாமல் இருப்பது சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல. பேசுவதற்கான வழியை யாரும் முன்கூட்டியே வெட்டி வைக்காததால். அந்த வேலையில் பெரும்பகுதி மாநாட்டு நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கீழே வருவதெல்லாம் அதைச் செய்யும் முறை. உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் குளங்களும் பற்றிய ஒரு நாள் மாநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிகழ்ச்சி நிரலில் கை வையுங்கள்

எங்கள் நிகழ்ச்சி நிரலை நான் சொல்லத் தேவையில்லை. மங்கள விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, பிறகு கட்டுரைகள். எல்லாம் முடிந்த பின் "நேரம் போதாமையால் இரண்டு கேள்விகள் மட்டும்" என்று ஒரு வரி. மண்டபத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேச்சாளரைப் பிடித்துக் கதைக்க வழி உண்டு. சூமில் தேநீர் கிடையாது. "நன்றி, வணக்கம்" என்றதும் எல்லாரும் ஒரே நொடியில் காணாமற் போய்விடுவார்கள்.

அதனால் கலந்துரையாடலைக் கடைசியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் 15 நிமிடம் என்றால் அதன் காலடியிலேயே 15 நிமிடம் கலந்துரையாடல். ஒரு அமர்வில் இரண்டு கட்டுரைக்கு மேல் வேண்டாம். வாழ்த்துரைகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி அழைப்பிதழோடு அனுப்பிவிடலாம். வாழ்த்துரை வழங்க வேண்டியவர் கோபிப்பார் என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். ஒருவர் கோபித்தார், உண்மைதான். மற்றவர்கள், பேசத் தேவையில்லை என்றதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது குரலிலேயே தெரிந்தது.

எந்தத் தளம், எந்தக் கணக்கு என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். சூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடந்தான், 100 பேர்தான். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் 60 நிமிடம். நாள் முழுக்க மாநாடு என்றால் ஒரு மாதத்துக்காவது கட்டணக் கணக்கு எடுத்துவிடுங்கள்.

நேரம் குறிப்பது

எங்கள் மாநாட்டில் பாதிப் பேர் கடல் கடந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை மாலை 7 மணி என்றால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை 9.30, லண்டனில் பிற்பகல் 2.30, ஒஸ்லோவிலும் பாரிசிலும் 3.30. அவர்களின் குளிர்காலத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் முன்னே வரும். அவுஸ்திரேலியாவில் உள்ளவர்களின் பாடுதான் திண்டாட்டம்: சிட்னியில் அப்போது இரவு 11.30 அல்லது நள்ளிரவு தாண்டி 12.30. அவர்களுக்குக் குரல்பதிவு வழியைத் திறந்து வைக்க வேண்டும், அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மார்ச் மாதத்தில் கவனம். ரொறன்ரோ மாதத்தின் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறில்தான் மாற்றும். இடைப்பட்ட நாட்களில் பழைய கணக்கை நம்பி அழைப்பிதழ் அடித்தால் ஒரு நாட்டுக்காரர் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வருவார். பிந்தி வந்தவர் கேள்வி கேட்க மாட்டார், அது மனித இயல்பு. ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் நேரத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். "இலங்கை நேரம் 7" என்று மட்டும் போட்டுவிட்டுக் கணக்கை அவர்களிடம் விடாதீர்கள்.

இங்கே உள்ளவர்களுக்கும் நேரம் உண்டு. மாலை ஆறிலிருந்து ஏழரை வரை அடுப்படியில் நிற்பவர்களின் கருத்து வேண்டுமென்றால் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். மேலே போட்ட 7 மணி, கணக்குக் காட்டத்தான். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மாநாடே வேண்டாம்.

மூன்று பேரைப் பிடியுங்கள்

தலைவர் ஒருவரே கூட்டத்தை நடத்தி, சாட் பெட்டியில் எழுதுவதை வாசித்து, கை உயர்த்தியவரைப் பார்த்து, மியூட் போட்டு, வாசலில் காத்திருப்பவரை உள்ளே விடுவது நடவாத காரியம். மூன்று வேலை, மூன்று ஆள்.

நெறியாளர் பேசுவார், பேச வைப்பார். வாசல்காரர் உள்ளே வருபவரை வரவேற்று, பெயரைச் சரிசெய்து, ஒலி வேலை செய்கிறதா என்று பார்ப்பார். மூன்றாமவர் சாட் பெட்டியையும் வட்ஸ்அப் குழுவையும் பார்த்து, கேள்விகளைத் திரட்டி நெறியாளருக்குக் கொடுப்பார். சூமில் பின்னவர்கள் இருவரையும் இணை நடத்துநராக (co-host) ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கையில் ஒரு பொத்தானும் இருக்காது. மூவருக்கும் தனியாக ஒரு சின்ன வட்ஸ்அப் குழு. அதில் "அடுத்தது நெடுந்தீவு அக்கா, மைக் ரெடி" என்ற மாதிரி ஒற்றை வரிகள் மட்டும் ஓட வேண்டும்.

வாசல்காரருக்கு இளம்பிள்ளை ஒருவரைப் போடுங்கள். கணினி தெரிந்தவர் என்பதற்காக மட்டும் அல்ல. பெரியவர்கள் தங்கள் வயதுக்காரரிடம் "எனக்கு இது தெரியாது" என்று சொல்லமாட்டார்கள். பேரப்பிள்ளை வயதில் உள்ளவரிடம் தயங்காமல் சொல்வார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பே கேள்வியை அனுப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பேச்சாளரிடம் பேச்சின் சாரத்தை அரைப் பக்கத்தில் வாங்குங்கள். அதன் கீழே பங்குபற்றுநருக்கு இரண்டே இரண்டு கேள்வி எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தக் கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் முகாமைத்துவம் தொடர்பில் தங்கள் கருத்துகள் யாவை?" என்று கேட்டால் பதில் வராது. அது பரீட்சைக் கேள்வி. விடை பிழைத்துவிடுமோ என்று ஆள் ஒதுங்கிவிடுவார். "உங்கள் வீட்டுக் கிணற்றில் எந்த மாதம் உவர் தட்டும்? உங்கள் சின்ன வயதிலும் அதே மாதந்தானா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பிழையான விடையே கிடையாது. கிணறு அவருடையது, நாக்கும் அவருடையது. குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்திருக்கிறோம். துலா மிதித்தவர், பட்டையால் இறைத்தவர், பிறகு மோட்டர் பூட்டியவர் என்று ஒவ்வொருவரிடமும் பேராசிரியரிடம் இல்லாத ஒரு தகவல் இருக்கும். கேள்வி அதைத் தொட வேண்டும்.

எந்தத் துறைக்கும் இதே விதி: கருத்தைக் கேட்காதீர்கள், அவர் கண்டதைக் கேளுங்கள். கருத்து தானாகப் பின்னால் வரும்.

அனுப்பிய பிறகு நான்கைந்து பேரைத் தனியாக அழைத்து, "அக்கா, கலந்துரையாடலில் இரண்டாவதாக உங்களைக் கூப்பிடுவேன். இரண்டு நிமிடம் போதும்" என்று சொல்லி வையுங்கள். இது நாடகம் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். கலியாண வீட்டில் முதற் பந்தியில் இருக்க நாலு பேரைக் கையைப் பிடித்து இழுக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். முதல் நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தாமாக வருவார்கள். ஒன்று மட்டும், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஒத்திகைப் போன்

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன் ஒரு மாலையில் அரை மணித்தியாலம் அதே லிங்கைத் திறந்து வையுங்கள். விரும்பியவர் வந்து மைக்கைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகலாம். வராதவர்களில் கட்டாயம் பேச வேண்டியவர் யாரென்று பார்த்து அவரை அழையுங்கள். எங்களில் ஒருவர், எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியரோடு இப்படி ஒருமுறை கதைத்தது நினைவிருக்கிறது.

"மாஸ்டர், திரையை ஒருக்கால் தொடுங்கோ. கீழ ஒரு பட்டை வருதா?"

"வந்திட்டு… இல்ல, மறைஞ்சு போச்சு."

"அது கொஞ்ச நேரம்தான் நிக்கும். திரும்பத் தொடுங்கோ. இடது பக்கம் மைக் படம். குறுக்குக் கோடு இருக்கா?"

"சிவப்புக் கோடு."

"கோடு இருந்தா நீங்கள் கதைக்கிறது எங்களுக்குக் கேக்காது. ஒருக்கால் தட்டுங்கோ."

"போட்டுது. அட, இவ்வளவுதானோ?"

அந்த "இவ்வளவுதானோ" வரும் வரை போனை வைக்கக்கூடாது. பட்டை தானாக மறைவது நமக்குப் பழகிப்போன விஷயம். அவருக்கோ தான் ஏதோ உடைத்துவிட்டது போல் இருக்கும். அப்புறம் கை உயர்த்துவதையும் காட்டிக்கொடுங்கள். அந்தப் பொத்தான் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், ஆகவே ஒத்திகை நாளில் அவருடைய போனில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வழி. விண்டோஸ் கணினியில் ஆல்ட்டையும் வை எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கை உயரும். மியூட்டில் இருக்கும்போது இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால், பிடித்திருக்கும் நேரம் மட்டும் மைக் திறந்திருக்கும். சின்னக் கருத்துச் சொல்ல இது மிக வசதி.

இன்னொன்றையும் முன்பே சொல்லி வையுங்கள். சூமில் நடத்துநர் நினைத்தபடி மற்றவர் மைக்கைத் திறந்துவிட முடியாது. திறக்கச் சொல்லி ஒரு கேள்வி அவர் திரையில் வரும், அவர்தான் சம்மதிக்க வேண்டும். இது தெரியாமல் நெறியாளர் "திறங்கோ, திறங்கோ" என்று கத்த, அங்கே அவர் திரையை வெறித்துப் பார்த்தபடி இருப்பார்.

கரண்டும் டேட்டாவும்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள், விளக்கம் தேவையில்லை. நடத்துநரின் லப்டொப் சார்ஜில் இருக்கட்டும், ரவுட்டருக்கு ஒரு சிறு யூபிஎஸ், வேறு நிறுவன சிம் போட்ட போன் ஒன்று ஹொட்ஸ்பொட்டுக்குத் தயாராக. நடத்துநர் விழுந்தாலும் கூட்டம் விழாதிருக்க, இணை நடத்துநர் வேறு ஊரில் இருப்பது நல்லது.

பங்குபற்றுநருக்கு அழைப்பிதழிலேயே ஒரு வரி போடுங்கள்: கமராவை மூடிவிட்டும் பேசலாம். சூமில் குரலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், குழுக் காணொளிக்கு 600 கிலோபிட்டுக்கு மேல் வேண்டும். குரல் மட்டும் போய் வந்தால் டேட்டா அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். தீவுப்பகுதியிலிருந்து ஒற்றைக்கோடு சிக்னலில் வருபவருக்கு இது பெரிய விஷயம். முகம் காட்டாதவர் அக்கறையில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். டேட்டாவைச் சேமிக்கிறார், அல்லது பின்னால் கொடியில் உடுப்புக் காய்கிறது.

வாசலில்

உள்ளே வந்ததும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பாதிப் பேர் கலக்சி, றெட்மி, ஐபோன் என்ற பெயரில் இருப்பார்கள். கலக்சியிடம் யார் கேள்வி கேட்பது? வாசல்காரர் ஒவ்வொரு பெயரையும் "பெயர், ஊர்" என்று மாற்ற வேண்டும். புலம்பெயர்ந்தவருக்குச் சொந்த ஊரும் இருக்கும் நகரமும். எங்கள் ஆட்கள் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதானே. "புங்குடுதீவு, பாரிஸ்" என்று திரையில் கண்டதும் இன்னொரு புங்குடுதீவுக்காரருக்குப் பேச வாய் வந்துவிடும்.

வாசிகசாலையில் ஒரு லப்டொப்பைச் சுற்றி ஒன்பது பேர் இருந்து பார்ப்பதும் உண்டு. அதை ஒருவராக எண்ணாதீர்கள். "அரியாலை வாசிகசாலை, 9 பேர்" என்று பெயரிட்டு, கேள்வி கேட்கும்போது அவர்களுக்குத் தனி முறை கொடுங்கள். அதே அறையில் இன்னொருவர் போனிலும் இணைந்தால் ஒலி சுற்றிச் சுழன்று காது கிழியும். ஒரு அறைக்கு ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி.

கலந்துரையாடல் நேரத்தில் நெறியாளர்

"கேள்விகள் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் விடை மௌனம்தான். முதலில் பேசச் சம்மதித்தவரைப் பெயர் சொல்லி அழையுங்கள், அடுத்தவரையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: "முதலில் வட்டுக்கோட்டை ஐயா, அவருக்குப் பிறகு ஸ்காபரோ அக்கா. அக்கா, நீங்கள் ஆயத்தமாக இருங்கள்." அடுத்தவருக்கு மைக்கைத் தேட இரண்டு நிமிடம் கிடைத்துவிட்டது.

அழைத்த பிறகு பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். ஒலி கடல் தாண்டிப் போய், அவர் பொத்தானைத் தேடி, தொண்டையைச் செருமி, பேச அவ்வளவு நேரம் வேண்டும். நெறியாளருக்கு அந்தப் பத்து நொடி ஒரு யுகம். நான் முன்பு நாலாவது நொடியிலேயே "சரி, ஐயா இணைப்பில் இல்லைப் போல" என்று அடுத்தவரிடம் தாவிவிடுவேன். அப்படித் தாண்டிப் போனவர்களில் ஒருவர் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வரவே இல்லை.

உயர்ந்த கைகள் பட்டியலின் மேலே, உயர்த்திய வரிசையில் வந்து நிற்கும். அந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதற் கையை உயர்த்தும் மூன்று பேர் இருப்பார்கள், யாரென்று உங்களுக்கும் தெரியும். "இன்று இன்னும் பேசாதவர்களுக்கு முதலிடம்" என்று தொடக்கத்திலேயே விதியைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் முகம் சுளிக்க முடியாது.

நீட்டுபவரை எப்படி நிறுத்துவது? ஒருவர் மைக் பிடித்தால் தன் ஊர்ப் பாடசாலையின் தோற்றத்திலிருந்து தொடங்குவார். மைக்கை மூடிவிடாதீர்கள், அது முகத்தில் கதவு சாத்துவது போல. அவர் மூச்சு எடுக்கும் இடத்தில், அவர் சொன்ன ஒன்றையே பிடித்து, "ஐயா, அந்தக் குளம் தூர்ந்த கதையை அப்படியே பேச்சாளரிடம் கேட்போம்" என்று திருப்புங்கள். அவர் சொன்னதற்கு மதிப்பும் கிடைத்தது, நேரமும் மிஞ்சியது.

பேச்சாளரோடும் முன்பே ஒரு ஒப்பந்தம் வேண்டும்: ஒரு கேள்விக்கு ஒரு நிமிடப் பதில். இரண்டாவது சொற்பொழிவு வேண்டாம்.

எழுத்தும் குரல்பதிவும்

பேசத் தயங்குபவர் எழுதுவார், எழுதத் தெரியாதவர் பேசுவார். இரண்டு வழியும் திறந்திருக்கட்டும்.

சாட்டில் வரும் கேள்வியை யாராவது உரத்து வாசிக்க வேண்டும். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டு விளங்குவார்கள், வாசிக்க வராது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை திருத்தப் போகாதீர்கள். பெரியவர்களிடம் வேறொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த கேள்வியைச் சாட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கம் ஒன்றை மூன்றாமவர் திறந்தே வைத்திருக்கட்டும்.

எல்லாவற்றிலும் சுலபம் வட்ஸ்அப் குரல்பதிவு. எங்கள் சனத்துக்குக் கைவந்த கலை அது. மாநாட்டுக்கு முதல் நாள் இரவு வரை ஒரு நிமிடக் குரல்பதிவை ஏற்றுக்கொள்வதாக அறிவியுங்கள். சிட்னிக்காரர் தூங்கப் போகுமுன் அனுப்பிவிடுவார். கூட்டத்தில் அதை ஒலிக்கவிட, போனை மைக்குக்குக் கிட்டப் பிடிக்காதீர்கள், கொரகொர என்று கேட்கும். லப்டொப்பில் வட்ஸ்அப்பைத் திறந்து, திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிரும் கட்டத்தைச் சரி போட்டுவிட்டு ஓடவிடுங்கள். அனுப்பியவரின் பெயரையும் ஊரையும் சொல்லிய பிறகு.

சிறு அறைகள்

முப்பது பேருக்கு மேல் என்றால் ஒருமுறையாவது ஐந்தாறு பேர் கொண்ட சிறு அறைகளாகப் பிரியுங்கள். 12 நிமிடம் போதும். ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு கேள்வி, முன்பே சொல்லி வைத்த ஒரு பொறுப்பாளர். போனில் இருப்பவர்கள் சிலர் "சேரவா" என்று வரும் கட்டத்தை அழுத்தாமல் பெரிய அறையிலேயே தனித்து நிற்பார்கள். வாசல்காரர் அங்கேயே இருந்து அவர்களோடு கதைக்கட்டும். திரும்பி வந்ததும் பொறுப்பாளர் முழு அறிக்கை வாசிக்க வேண்டாம். "எங்கள் அறையில் கேட்ட, இதுவரை தெரியாத ஒரு விஷயம்" மட்டும்.

பதிவு

சூமில் பதிவு தொடங்கியதும் எல்லாருக்கும் அறிவிப்பு வரும். அந்தக் கணத்தில் வாய்கள் மூடுவதைக் கண்ணால் காணலாம். காணி, குளம், அரசு அலுவலகம் என்று பேச்சு வரும்போது தன் குரல் நாளைக்கு எங்கே போகும் என்று யோசிக்க எங்கள் மண்ணில் காரணங்கள் உண்டு. ஆகவே கட்டுரையைப் பதிவு செய்யுங்கள், கலந்துரையாடலின்போது நிறுத்திவிடுங்கள், நிறுத்தியதை வாயாலும் சொல்லுங்கள். பேஸ்புக் நேரலை ஓடினால் அதையும் நிறுத்துங்கள். பதிவுக்காக ஒருவர் கையால் குறிப்பெடுத்தால் போதும்.

மறுநாள்

காலை ஏழு மணிப் போன் எப்படியும் வரும். அதற்கென்று ஒரு கொப்பி வையுங்கள். யார், எந்த ஊர், என்ன சொன்னார் என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். முடிவில் இரண்டு கேள்வி: இதை மாநாட்டு அறிக்கையில் உங்கள் பெயரோடு சேர்க்கலாமா? பேச்சாளருக்கு உங்கள் இலக்கத்தைக் கொடுக்கலாமா? வைகாசியில் உவர் ஏறும் கிணற்றுக்காரர் இரண்டுக்கும் சம்மதித்தார். அந்தப் பிள்ளை அவரை அழைத்து அரை மணித்தியாலம் கதைத்தாள். அடுத்த மாநாட்டில் முதலாவதாக யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை.